பாலம்மாள் பஸ்ஸில் வருவாள்

3 மே, சனி

தூத்துக்குடிக்கு வண்டியில் போவதென்று முடிவாகிவிட்டது. பாலம்மாளை என் ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு போக இயலாததற்கான காரணங்களை வரிசைப்படுத்தி வைக்கிறேன். நேரில் கேட்டால் எனக்கு வாய் குழறும்.

1. கணவனும் மனைவியும் ஒரே வண்டியில் போகக் கூடாது.
2. பின்னால் ஆளை வைத்து ஓட்டி எனக்குப் பழக்கமில்லை. வண்டி ஆடும்.
3. அவளுடைய முழங்காலுக்கு ஏறவும் வராது, இறங்கவும் வராது.
4. ஏறிவிட்டால் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவாள். என் கவனம் சிதறும்.
5. பஸ் பாதுகாப்பானது.

ஐந்தும் சரியாகத்தான் இருக்கின்றன. நான்காவதை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம்.

4 மே, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. எங்கள் ஊர் திருத்தங்கலில் காலை எட்டு மணிக்கே தார் இளகுகிறது.

இந்த யோசனை அய்யாதுரையுடையது. என்னோடு ஐந்தாம் வகுப்பிலிருந்து படித்தவன். பட்டாசுக் கடையை மகன் ஹரிஷ்குமாரிடம் ஒப்படைத்துவிட்டு, எழுபத்தொரு வயதில் ஒரு புல்லட் வாங்கினான். வாங்கிய நாளிலிருந்து அதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கிறான். தூத்துக்குடி நகரத்தை ஒட்டிய கடற்கரைகளை ஒவ்வொன்றாக வண்டியிலேயே பார்ப்பதுதான் திட்டம்: முதலில் ரோச் பூங்கா, பிறகு முத்துநகர் கடற்கரை, கடைசியில் முயல் தீவு.

மூன்றாவது ஆள் ஊர்க்காவலன். நான் கெமிஸ்டாக இருந்த பட்டாசு ஆலையில் மருந்து கலக்கியவர். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. பழைய எக்செல் மொபெட் வைத்திருக்கிறார். நாங்கள் மூவரும் தினமும் காலையில் ஒன்றாக டீ குடிப்போம். அதைத் தாண்டி ஒன்றாக எதுவும் செய்ததில்லை.

அய்யாதுரை தன் மனைவி ராஜக்கனியைப் புல்லட்டில் ஏற்றிக்கொண்டு வருகிறான். ராஜக்கனி இதைப் பாலம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

6 மே, செவ்வாய்

கேட்டேவிட்டாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. காதில் விழாததுபோல் இருந்தேன். கிரைண்டரை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டாள்.

"ராசக்கனி புல்லட்டுல போறா. நான் உங்க பின்னால ஏறிக்கிடுறேன். ஒரே ஒரு தடவை."

ஜூன் ஒன்பதாம் தேதி மதுரையில் அவளுக்கு இடது முழங்கால் மாற்று அறுவை. அதன் பிறகு பைக்கில் ஒருக்களித்து உட்காருவதை மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் போன மாதமே சொல்லியிருந்தார். அதற்கு இவள், "இவுக வண்டியில நான் உக்காந்ததே இல்ல டாக்டர். எதை மறக்க?" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த எலும்புப் படத்தைப் பார்த்தேன்.

"பஸ் இருக்கே" என்றேன்.

"பஸ்ஸு எப்பவும் இருக்கும். காலு இருக்காதுல்ல."

மறுபடி கிரைண்டரைப் போட்டுவிட்டாள்.

8 மே, வியாழன்

முதல் காரணம் எங்கிருந்து வந்தது என்பதை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

எங்கள் மகன் ராம்குமாருக்கு மூன்று வயதாக இருந்தபோது எங்கள் ஆலையில் ஒரு ரூம் வெடித்தது. அதில் திரி சொருகிக்கொண்டிருந்தவர்களில் கணவனும் மனைவியும் இருந்தார்கள். மறுநாள் அவர்களுடைய பிள்ளைகள் மூன்று பேர் பள்ளிச் சீருடையில் ஆலை வாசலில் நின்றார்கள். இருந்ததில் நல்ல உடை அதுதான் என்று யாரோ போட்டுவிட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு கணவன் மனைவியை ஒரே ரூமில் போடுவதில்லை என்று ஆலையில் வழக்கமானது.

நான் அதை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். கல்யாணங்களுக்கு அவள் ஒரு பஸ், நான் அடுத்த பஸ். ரயிலில் வேறு வேறு பெட்டி. ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கி ஓடி அவள் பெட்டிக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மகன் வளர்ந்த பிறகு இதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்த ஒரு நாளும் தோன்றவில்லை.

இன்று இதையெல்லாம் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ராம்குமாருக்கு நாப்பத்தி நாலு வயசாச்சு. நம்ம ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டா அவனை என்ன, ஆஸ்டல்லயா சேக்கணும்?"

இதற்குப் பதில் யோசிக்க வேண்டும்.

11 மே, ஞாயிறு

யோசித்தேன். இல்லை.

13 மே, செவ்வாய்

டீக்கடையில் திட்டத்தை அறிவித்தேன். நாங்கள் வண்டியில், பாலம்மாள் சிவகாசியிலிருந்து பஸ்ஸில். ரோச் பூங்காவில் சந்திப்பு.

அய்யாதுரை டீயை வைத்துவிட்டான். "ஏலே சீனி, கூட்டிட்டுப் போறியா, பார்சல் அனுப்புறியாலே?"

ஊர்க்காவலன் என் பக்கம் பேசினார். "சாரைக் குத்தஞ்சொல்லாதீக. ஆலையில ஒவ்வொரு ரூம் வாசல்லயும் நின்னு ஆளுகளை எண்ணி எண்ணி, சாருக்கு அது கண்ணுலயே ஒட்டிப்போச்சு."

எனக்கு ஆதரவாகத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன்.

பாலம்மாள் திட்டத்துக்குச் சம்மதித்தாள். அதாவது, "சரி" என்றாள். அந்தச் 'சரி'யை நான் ஆராயவில்லை.

15 மே, வியாழன்

இதை எழுதலாமா என்று தயங்கினேன். எழுதுகிறேன்.

இரண்டாவது காரணத்தைச் சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. மதியம் பாலம்மாள் தூங்கும்போது அரிசி மூட்டையைப் பின் சீட்டில் வைத்துக் கயிற்றால் கட்டி, கண்மாய்க் கரை வரை ஓட்டினேன். போகும்போது சமாளித்தேன். திரும்பி வரும்போது எங்கள் தெரு முனையில் மூட்டை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதோடு நானும் சாய்ந்தேன். அடி இல்லை. அரிசிக்குத்தான் சேதம்.

அள்ளிக்கொண்டிருந்தபோது முறத்தோடு வந்து நின்றாள். எவ்வளவு நேரமாக வாசலில் நின்று பார்த்தாள் என்று தெரியவில்லை.

"அரிசி மூட்டை ஏறலாம் போலருக்கு. அது உங்களுக்கு என்ன முறை வேணும்?"

மண் கலந்த அரிசியைத் தனியே புடைத்து வைத்திருக்கிறாள். நாளைக்கு எந்த அரிசியில் சோறு என்று நான் கேட்கவில்லை.

16 மே, வெள்ளி

அந்த அரிசிதான்.

18 மே, ஞாயிறு

போய் வந்தாயிற்று. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

விடியும் முன்பே மூன்று வண்டிகளும் கிளம்பின. வண்டிக்கு வண்டி நல்ல இடைவெளி வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். அதைக் கடைப்பிடித்தவன் நான் மட்டும். கோவில்பட்டியில் அய்யாதுரை எனக்காகக் காத்திருந்து இரண்டாவது காப்பி குடித்துக்கொண்டிருந்தான். "ஏலே, நீ எங்க கூட வாரியா, இல்ல எங்களைத் துப்பு பாத்துக்கிட்டு வாரியா?" என்றான். ராஜக்கனி பின்னாலிருந்து அவன் முதுகில் ஒன்று போட்டாள்.

எட்டயபுரத்துக்கு முன்னால் பாலம்மாளின் பஸ் எங்களைத் தாண்டியது. சன்னலோரம் இருந்தாள். கை காட்டினாள். நான் காட்டவில்லை. இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தன.

எட்டயபுரம் தாண்டிக் கொஞ்ச தூரம். அந்தப் பஸ் ரோட்டோரமாக நின்றது. பானெட்டைத் திறந்து வைத்திருந்தார்கள், புகை வந்தது. ஆட்கள் கருவேல மர நிழலைத் தேடிப் போயிருந்தார்கள். நிழல் எங்கே இருக்கிறது? பாலம்மாள் பஸ்ஸின் நிழலில் ஒரு காலை மடக்கி, ஒரு காலில் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் போன இரண்டு வண்டிகளும் அவளைக் கவனிக்காமல் போய்விட்டன. நான் நிறுத்தினேன்.

"ஏறிக்கிடவா?" என்றாள்.

அடுத்த பஸ் வரும் என்றேன். அவள் ரோட்டைப் பார்த்தாள். வெயில்தான் வந்துகொண்டிருந்தது. நானும் இறங்கி அவள் பக்கத்தில் நின்றேன். என் ஸ்கூட்டரும் நின்றது, பின் சீட்டு காலியாக.

அடுத்த பஸ் வந்தது. படி வரை கூட்டம். கண்டக்டர், "பெரியம்மா, உள்ள ஏறுங்க, உள்ள ஏறுங்க" என்று கத்தினார். உள்ளே என்று ஒன்று இல்லை. ஏற்றிவிட்டேன். நான்தான் ஏற்றிவிட்டேன். அவள் முழங்கையைப் பிடித்து, படியில், என் கையாலேயே. தூத்துக்குடி வரைக்கும் அந்தக் காலோடு நின்னுக்கிட்டே வந்தா. வா, ஏறுன்னு ஒரு வார்த்தை சொல்ல என்ன கேடு எனக்கு? வாய் வரலையே. பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கிட்டு வந்தேன், அதுலயும் இடைவெளி விட்டு. என்ன மனுசன் நான்?

ரோச் பூங்காவில் எல்லோரும் சேர்ந்தோம். பாலம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கடல் பக்கம் திரும்பவில்லை. நடந்ததை ராஜக்கனி கேட்டு அறிந்து அய்யாதுரையிடம் சொன்னாள்.

"பாதி வழியில பொண்டாட்டியப் பாத்து, மறுபடியும் பஸ்ஸுல ஏத்திவிட்ட ஆளு இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தாம்லே" என்றான் அய்யாதுரை. சிரிக்காமல் சொன்னான். அவன் சிரிக்காமல் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்தது முத்துநகர் கடற்கரை. பாலம்மாள், "நீங்க போங்க, நான் ஆட்டோ பிடிச்சு வாரேன்" என்றாள். அப்போது ஊர்க்காவலன் எக்செல்லைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தினார்.

"யக்கா, நம்ம வண்டியில ஏறுங்க."

"உங்க சாரைக் கேளு" என்றாள்.

ஊர்க்காவலன் என்னைப் பார்த்தார். "நான் வேற ரூமுதான சார்?"

அது சரியான வாதம். என் விதியில் அதற்குத் தடை இல்லை. தலையசைத்தேன். எக்செல் தாழ்வான வண்டி, சிரமமில்லாமல் ஏறிவிட்டாள்.

கடற்கரைச் சாலை முழுவதும் அவர்களுக்குப் பின்னால் ஓட்டினேன். இடப்பக்கம் கடல். பாலம்மாள் பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு கையை நீட்டிக் கப்பலைக் காட்டினாள், வலையைக் காட்டினாள், உலர்த்தி வைத்திருந்த மீனைக் காட்டினாள். ஊர்க்காவலன் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்ன பேசுகிறாள் என்று கேட்பதற்காக வேகத்தைக் கூட்டினேன். இடைவெளி போய்விட்டது. காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. வழி முழுக்கப் பேசுவாள் என்ற என் நான்காவது காரணம் எவ்வளவு சரி என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, அதில் ஒரு திருப்தியும் இல்லை.

முத்துநகரில் ஆளுக்கு ஒரு சர்பத் குடித்தோம். அடுத்து முயல் தீவு. பாலம்மாள் எக்செல் பக்கம் நடந்தாள்.

"இங்க ஏறு" என்றேன்.

நான்தான் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்ததால் அது தெரிந்தது. அய்யாதுரை வாயைத் திறந்தான், ராஜக்கனி அவன் கையைக் கிள்ளினாள். மூடிக்கொண்டான்.

பாலம்மாள் ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நடைபாதை ஓரமாக வண்டியை நிறுத்தி, ராஜக்கனி ஒரு பக்கமும் ஊர்க்காவலன் ஒரு பக்கமும் தாங்கி ஏற்றினார்கள். வண்டி கிளம்பியதும் ஆடியது. ஒரு நாய்க்காக நிறுத்தினேன். நாய் ரோட்டின் அந்தப் பக்கத்தில் படுத்துத்தான் இருந்தது.

அவள் பேசவில்லை.

உப்பு லாரிகள் வந்தன. துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் தெரிந்தன. "அங்க பாரு, கப்பல்" என்றேன். பதில் இல்லை. கண்ணாடியில் அவள் சேலை ஓரம் மட்டும் தெரிந்தது. விழுந்துவிட்டாளோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் ஒரு கை என் தோளில் இருந்தது, ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை. "கால் வலிக்குதா?" என்றேன். அதற்கும் இல்லை. முயல் தீவு வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இறங்கியதும் ராஜக்கனியைப் பிடித்துக்கொண்டு நேராகத் தண்ணீரில் போய் நின்றாள். நாங்கள் மூவரும் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பும்போது யாரும் சொல்லாமலே பஸ்ஸில் வந்தாள். உட்கார இடம் கிடைத்ததாம். இரவுச் சாப்பாட்டில் ரசத்துக்கு உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன்.

கோபம். வேறென்ன?

19 மே, திங்கள்

கோபம் என்றால் சாதாரணமாகத் திட்டிவிடுவாள். பேசாமல் இருப்பது அவள் வழக்கமில்லை. நேற்று அந்தப் பஸ்ஸில் ஏற்றிவிட்ட எனக்குத் திட்டு வாங்கக்கூடத் தகுதியில்லை என்று விட்டுவிட்டாளோ?

20 மே, செவ்வாய்

டீக்கடையில் ஊர்க்காவலனிடம், போகிற போக்கில் கேட்பதுபோல், அன்று பாலம்மாள் அவரிடம் அப்படி என்ன பேசினாள் என்று கேட்டேன்.

"உங்களைப் பத்தித்தான் சார்" என்றார்.

"என்ன சொன்னா?"

"அம்புட்டையும் சொல்ல நேரம் பத்தாது சார்."

24 மே, சனி

ஏன் பேசவில்லை என்று கேட்டுவிடுவதாக முடிவு செய்து சமையலறைக்குப் போனேன். "தோசையா, சப்பாத்தியா?" என்றாள். தோசை என்றேன்.

1 ஜூன், ஞாயிறு

கேட்கவில்லை.

ஊரில் எல்லாக் கம்பெனியிலும் தீபாவளி ஆர்டர் வேலை மும்முரம். ராம்குமார் வேலை பார்க்கும் பிரஸ்ஸிலும் லேபிள் அச்சடிப்பு இரவு பகலாக ஓடுகிறது. ஆஸ்பத்திரிக்கு மூன்று நாள் லீவு சொல்லியிருக்கிறான். நானே போதும் என்றேன். "நீங்க வேற பஸ்ல வருவீகளேப்பா" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. அவனுக்கு நாங்கள் எப்போதும் இரண்டு பஸ்ஸில் வருகிறவர்கள்.

9 ஜூன், திங்கள்

மதுரை. காலையில் பாலம்மாளைத் ஸ்ட்ரெச்சரில் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். வாசல் வரை கூடவே நடந்தேன். உள்ளே போவதற்கு முன், "காப்பி குடிச்சீகளா?" என்று கேட்டாள். குடிக்கவில்லை. குடித்தேன் என்றேன்.

கதவு மூடியது. எத்தனையோ வருடம் வேறு பெட்டி, வேறு பஸ் என்று நானே ஏற்பாடு செய்திருக்கிறேன். இன்றைக்கு மற்றவர்கள் செய்தார்கள். உட்கார முடியவில்லை.

மதியம் டாக்டர் வெளியே வந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில், எலும்பு நல்லா இருக்கா என்று கேட்டுவிட்டேன். "எந்த எலும்பு சார்?" என்றார். எனக்கும் தெரியவில்லை.

13 ஜூன், வெள்ளி

வாக்கரைப் பிடித்து நான்கு எட்டு நடந்தாள். நடந்துகொண்டே பக்கத்துக் கட்டில் அம்மாவின் மருமகள் விவகாரம் முழுவதையும் எனக்குச் சொன்னாள்.

14 ஜூன், சனி

அய்யாதுரை, ராஜக்கனி, ஊர்க்காவலன் மூவரும் பார்க்க வந்தார்கள். ஆண்கள் இருவரும் கீழே மருந்துக் கடைக்குப் போனார்கள். நான் பிளாஸ்க்கில் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. ராஜக்கனி பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக் கேட்பது தவறு. கை நிறைய டம்ளர் இருந்ததால் கதவைத் தட்ட முடியவில்லை.

"ஏன் மதினி, ஊர்க்காவலன் வண்டியில அம்புட்டுப் பேச்சு பேசினீக. அண்ணாச்சி வண்டியில ஏறினதும் ஏன் வாயே தொறக்கல? அம்புட்டுக் கோவமா?"

"கோவமா? அடி போ. வாயத் தொறந்தா இவுக விடுவாகளா?" என்றாள் பாலம்மாள். "நான் 'ஆ'ன்னு ஒரு சத்தம் குடுத்தாப் போதும், வண்டிய ஓரங்கட்டி, என்னைய எறக்கி விட்டுட்டு ஆட்டோ தேடப் போயிருப்பாக. கல்யாணமாகி இம்புட்டு வருசம் கழிச்சு ஒருக்கா ஏறியிருக்கேன். மூச்சுக் காட்டாம இருந்தா முயல் தீவு வரைக்கும் போயிரலாம்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"காலு வலிக்கலையா?"

"உசுரு போச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தையல் இழுக்கிறது, சிரிக்க வைக்காதே என்று சொல்லிச் சொல்லிப் பாலம்மாள் சிரித்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் வராந்தாவின் கடைசி வரை நடந்து போய், கொஞ்ச நேரம் நின்று, பிறகு செருப்புச் சத்தம் கேட்கும்படி திரும்பி வந்தேன்.

16 ஜூன், திங்கள்

நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ராம்குமார் கார் ஏற்பாடு செய்திருக்கிறான். எனக்குக் காலை பஸ் எத்தனை மணிக்கு என்றும் விசாரித்து வைத்திருந்தான். காரில் எனக்கும் இடம் இருக்குமா என்று கேட்டேன். "உங்களுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு, "இருக்குப்பா" என்றான்.

இந்தக் குறிப்பின் தொடக்கத்தில் ஐந்து காரணங்கள் எழுதியிருந்தேன். இரண்டாவதும் மூன்றாவதும் நேரிலேயே நிரூபணமாயின. ஐந்தாவதைப் பொறுத்தவரை, பஸ் நின்றுபோனது உண்மை, ஆனால் யாருக்கும் காயமில்லை, ஆகவே அந்தக் காரணம் நிற்கும். முதலாவதைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டும், நாளைக்குப் பிறகு.

நான்காவது தவறு.